தோற்றவரை நடத்தும் விதம்

2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, 157ஆம் லெவலில் திரை அப்படியே உறைந்துபோனது. நின்டென்டோவின் எட்டு பிட் இயந்திரத்துக்காக 1989இல் வெளிவந்த அந்த டெட்ரிஸை அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை. 29ஆம் லெவல்தான் எல்லை என்று பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் நம்பியிருந்தார்கள். அங்கே கட்டைகள் விழும் வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்து நகர்த்தினால் கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேராது. பிறகு வந்தவர்கள் கட்டைவிரலை நடுங்கவிட்டுப் பட்டனைத் தட்டப் பழகினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள், கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களை வரிசையாக உருட்டித் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எல்லை நகர்ந்துகொண்டே போய், கடைசியில் கை ஓயுமுன் மென்பொருள் ஓய்ந்தது.

டெட்ரிஸுக்கு வெற்றி என்று ஒரு முடிவு வகுக்கப்படவே இல்லை. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதினார். அவருக்குக் கிடைத்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைய வழியில்லாததால், முதல் கட்டைகள் வெறும் அடைப்புக்குறிகளாகவே விழுந்தன. அன்றிலிருந்து இன்றுவரை அது தோல்வியைத் தள்ளிப்போடுகிற ஆட்டம். ஆடி முடித்ததும் திரையில் மிஞ்சுவது ஆடியவரின் முடிவுகள் மட்டுமே: எந்த இடத்தில் அவசரப்பட்டு ஓட்டை விட்டோம், எந்த நீளக் கட்டைக்காகக் காத்திருந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று எல்லாம் வரிசை வரிசையாகக் கண் முன்னால் கிடக்கும். அடுத்து வரும் கட்டை எது என்பது அதிர்ஷ்டம். அதை எங்கே வைப்பது என்பது அதிர்ஷ்டத்தின் கையில் இல்லை. வீடியோ கேம்களில் எது ஆகச் சிறந்தது என்று கேட்டால், ஓர் ஆட்டக்காரர் தயங்காமல் சொல்லக்கூடிய பதில் டெட்ரிஸ்தான்.

ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் படம் எவ்வளவு துல்லியம், கதை எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும் என்றே கேள்விகள் வருகின்றன. தோற்றவரை அது எப்படி நடத்துகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நாவலில் வாசகர் தோற்பதில்லை. சினிமாவில் பார்வையாளர் தோற்பதில்லை. வீடியோ கேமில் மட்டும்தான் கலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தோற்கிறார். அதுவும் ஒரே மாலையில் பலமுறை. ஆடும் நேரத்தில் பெரும்பகுதி தவறுவதிலும் மறுபடி தொடங்குவதிலும் கழிகிறது என்றால், ஆட்டத்தின் குணத்தை அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கலை வளர்ந்தது காசு போட்டு ஆடும் பெட்டிகளில். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோவுக்காகத் தோரு இவாதானி வடிவமைத்த பேக்மேன் இரண்டும் ஒரு காசுக்குச் சில உயிர்களைத் தந்தன. உயிர் தீர்ந்தால் அடுத்த காசு. தோல்வியில்தான் கல்லா நிறைந்தது. ஆனாலும் அந்தத் தோல்வியில் ஒரு நாணயம் இருந்தது: திறமை கூடினால் அதே காசுக்கு அதிக நேரம் ஆடலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமெடுப்பது யாரும் முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலி விரைவாக ஓடியது. நிஷிகாடோ அதை மாற்றாமல் விட்டார். ஜெயிக்கப்போகும் நேரத்தில் கை நடுங்குகிற அந்தப் பதற்றம் இப்படித்தான் ஆட்டங்களுக்குள் வந்தது.

தமிழ்நாட்டில் 90களின் பிள்ளைகளுக்கு உயிர்க்கணக்கு வந்து சேர்ந்த வழி வேறு. நின்டென்டோ இயந்திரத்தின் நகல்கள் கடைவீதிகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்றன. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். பலரும் தேடிப்போன ஆட்டம் கான்ட்ரா. மூன்றே உயிர், ஒரு தோட்டா பட்டால் ஓர் உயிர் போயிற்று. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று தட்டினால் முப்பது உயிர் கிடைக்கும் என்ற ரகசியம் நாடு நாடாகப் பரவியது. அந்த வரிசையை முதலில் அமைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிஸா ஹஷிமோட்டோ. 1986இல் கிராடியஸ் ஆட்டத்தை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் கூட அவரால் உயிரோடு இருக்க முடியவில்லை. தனக்காகவே ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். வெளியீட்டுக்கு முன் அதை நீக்காமல் விட்டார். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அந்தப் பத்து அழுத்தங்களை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். ஆட்டம் செய்தவருக்கே அது கடினமாக இருந்தது என்பதில் எத்தனை ஆறுதல்!

கடினம் என்ற சொல் இன்று டார்க் சோல்ஸ் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடாகா மியாசாகி இயக்கி 2011இல் வெளிவந்த ஆட்டம். இறந்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் எல்லாம் இறந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி அந்த இடம்வரை போய்ச் சேர்ந்தால் மீட்டுக்கொள்ளலாம். வழியில் இன்னொரு முறை இறந்தால் அவை நிரந்தரமாகப் போய்விடும். இந்த ஒரு விதி செய்கிற வேலை மிகப் பெரியது. போன தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடிய படிக்கட்டில், இந்தத் தடவை கேடயத்தை உயர்த்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க வைக்கிறது. தோற்ற இடம் தவிர்க்க வேண்டிய இடமாக இல்லாமல், போய்ச் சேர வேண்டிய இடமாக மாறிவிடுகிறது.

ஆட்டத்தின் தொடக்கமே அதன் மனத்தைச் சொல்லிவிடும். கையில் உடைந்த வாளின் பிடி மட்டும் இருக்கும்போது, மண்டபத்தின் மேலிருந்து ஒரு பேருருவம் குதிக்கிறது. சண்டை போட்டால் நசுங்க வேண்டியதுதான். பக்கத்துச் சுவரில் ஒரு வாசல் திறந்திருக்கிறது, ஓட வேண்டும். சரியான ஆயுதம் கிடைத்தபின் திரும்பி வந்து அதே உருவத்தை வெல்ல வேண்டும். பின்வாங்குவது அவமானமில்லை என்று முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் ஆட்டத்தை, ஆண்மைச் சோதனையாக மாற்றிக்கொண்ட ரசிகர் கூட்டம் அதற்கு நல்லது செய்யவில்லை. முடியாதவர் திறமையை வளர்த்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் போகட்டும் என்ற அவர்களது பேச்சில் இருக்கும் கடுமை ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்துக்குள் தரையில் முன்பின் தெரியாத வேறு ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த எச்சரிக்கைகள் ஒளிர்கின்றன; பெரிய எதிரிக்கு முன்னால் அந்நியர் ஒருவரைத் துணைக்கு அழைக்க முடிகிறது.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பின்பகுதியில் வரும் பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, அந்த ஆட்டத்தின் களங்கம். தரை திடீரென்று இடிந்து ஆட்டக்காரர் பள்ளத்தில் விழுந்து சாகிறார். எந்தத் திட்டு எப்போது இடியும் என்பதை விழுந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு பாஸுக்கு மட்டும், ஒரு முயற்சியில் சிதைத்த பகுதிகள் அடுத்த முயற்சியிலும் சிதைந்தே இருக்கின்றன. மற்ற பாஸ்களுக்கு இல்லாத இந்தச் சலுகை, அந்தச் சண்டை நியாயமாக இல்லை என்பதை ஆட்டமே ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது. கடினம் வேறு, அநியாயம் வேறு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் அதே ஆட்டத்துக்குள் கிடைக்காது.

2018இல் வந்த செலெஸ்ட், டார்க் சோல்ஸ் அளவுக்கே கண்டிப்பானது. அணுகுமுறை நேர் எதிர். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஒரு திரையைக் கடக்க ஐம்பது தடவை சாவது அங்கே சாதாரணம். இறந்த மறுநொடி அதே திரையின் தொடக்கத்தில் நிற்கலாம், எதுவும் பறிபோகாது. மொத்தம் எத்தனை முறை இறந்தோம் என்ற எண்ணிக்கையை ஆட்டம் காட்டுகிறது. அதற்காகப் பெருமைப்படலாம் என்றும் சொல்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒருசில கணம் குதிக்க அனுமதிப்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத மன்னிப்புகளை அதன் படைப்பாளி மேடி தார்சன் பிற்பாடு வெளிப்படையாகப் பட்டியலிட்டார். அதுவும் போதாதவர்கள் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாவரம் கூட எடுத்துக்கொள்ளலாம். இதனால் மலை தாழ்ந்துவிடவில்லை.

ஹேடிஸ் (2020) இதே சிக்கலைக் கதையின் வழியாகத் தீர்க்கிறது. பாதாளத்திலிருந்து தப்பிக்கும் சாக்ரியஸ் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அப்பாவின் மாளிகையில் ரத்தக் குளத்திலிருந்து எழுந்து வருகிறான். வாசலில் தூங்கிவழியும் ஹிப்னோஸ், இந்தத் தடவை எதனிடம் செத்தாய் என்று படித்துச் சொல்கிறான். மாளிகையில் உள்ளவர்களோடு பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. தோற்கவில்லையென்றால் பாதிக் கதை தெரியாது. வேண்டுமென்கிறவர்களுக்கு 'காட் மோட்' இருக்கிறது: அடி விழுவதில் முதலில் 20 சதவீதம் குறையும், பிறகு ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம். உதவி தோல்வியின் அளவுக்கே வளர்கிறது. கடினத்தையும் கருணையையும் எதிரெதிராக வைத்து ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்துக்கு இவ்வளவு எளிய விடை இருந்திருக்கிறது.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019) பற்றி அதிகம் சொல்லக் கூடாது; சொன்னால் ஆடப்போகிறவருக்குத் துரோகம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, எல்லாம் அழிகிறது, மறுபடி அதே காலையில் கண்விழிக்கிறோம். ஆயுதமோ பணமோ எதுவும் கூட வராது. தெரிந்துகொண்டது மட்டும் வரும்.

இவற்றுக்குப் பக்கத்தில் கேண்டி கிரஷ் சாகாவை வைத்துப் பார்த்தால் கோபம் வருகிறது. 2012இல் கிங் நிறுவனம் வெளியிட்டது. ஐந்து உயிர், போன ஓர் உயிர் திரும்ப வர அரைமணி நேரம். காத்திருக்கலாம், நண்பரிடம் கேட்கலாம், காசு கொடுக்கலாம். நகர்த்தல்கள் தீர்ந்து இன்னும் ஒன்றிரண்டு மிட்டாய்கள் மட்டுமே பாக்கி என்று தெரியும் அந்த நொடியில், இன்னும் ஐந்து நகர்த்தல் வாங்கிக்கொள்ளச் சொல்லித் திரை கேட்கிறது. மேலிருந்து என்ன விழும் என்பது தற்செயல். பல லெவல்களில் தோற்றதிலிருந்து கற்க எதுவும் இருப்பதில்லை. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியும் காசு கேட்டது; ஆனால் அங்கே திறமையால் காசை மிச்சம் பிடிக்க முடிந்தது. இங்கே கற்க முடியாத தோல்வியை உண்டாக்கி, அதற்கு மருந்தையும் அதே கை விற்கிறது. ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனம் கிங்கை 590 கோடி டாலருக்கு வாங்கும் முடிவை 2015இல் அறிவித்தது. இரவுப் பேருந்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்த ஆட்டத்தை ஆடி மனதை ஆற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் குறை காண ஒன்றுமில்லை. களைத்தவர்களின் ஒரு நொடி ஏமாற்றத்தை அளந்து விலை வைத்ததுதான் பொறுக்க முடியாதது.

தோல்விக்குப் பணம் கேட்காத, கோடிக்கணக்கானோர் கொண்டாடும் ஆட்டங்களிலும் தோற்றவருக்கு மரியாதை இல்லாமல் போகலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) அப்படிப்பட்டது. பனியில் குதிரையின் மூச்சு புகைகிறது, ஆற்றோரத்தில் கூடாரம் அடித்துக் காப்பி போடலாம், வழியில் பார்த்த அந்நியருக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லலாம். திறந்தவெளியில் இவ்வளவு சுதந்திரம். ஒரு மிஷன் தொடங்கியதும் எல்லாம் பறிபோகிறது. கூட்டாளிகள் போகும் பாதையை விட்டுக் கொஞ்சம் விலகினால் மிஷன் தோல்வி. பின்பக்கமாகச் சுற்றிவந்து பதுங்கலாம் என்று சொந்தமாக யோசித்தால் தோல்வி. இயக்குநர் மனதில் இருக்கும் காட்சியை அப்படியே நடித்துக் கொடுப்பவருக்கே வெற்றி. இது தோல்வியே அல்ல, படப்பிடிப்பில் சொல்லும் 'கட்'.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்த ஆட்டத்தின் மையத்தில் இருப்பதே ஒரு மாபெரும் தோல்வி. கடன் வசூலிக்கப் போய், இருமுகிற ஓர் ஏழையை அடித்த நாயகன் ஆர்தர் மார்கனுக்கு அவனிடமிருந்து காசநோய் தொற்றுகிறது. பல மணி நேரம் கழித்து அது தெரியவருகிறது. அதற்குப் பிறகு குதிரையேறும் அதே உடல் தளர்கிறது, பேச்சுக்கு நடுவே இருமல் வருகிறது, கன்னம் ஒட்டிப்போகிறது. துப்பாக்கியால் தீர்க்க முடியாத ஒன்றை, துப்பாக்கி ஒன்றையே நம்பிய ஆட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்த துணிச்சலுக்கு ஈடு இல்லை. ஒரு மனிதனின் பெரிய தோல்வியை இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள், ஆடுகிறவரின் சின்னத் தோல்விகளை நம்ப மறுத்தது ஏன்?

அதே நம்பிக்கையின்மை தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2இல் (2020) இன்னும் கூர்மையாக உறுத்துகிறது. பழிவாங்கல் எப்படி மனிதரைத் தின்கிறது என்பதே அந்த ஆட்டத்தின் பொருள். சுடப்பட்டு விழுந்தவனின் பெயரைச் சொல்லி அவன் தோழர்கள் கதறுகிறார்கள். பாதியில் ஆட்டக்காரரை எதிரியின் உடலுக்குள் மாற்றுவது நிஜமாகவே பெரிய யோசனை. வெறுத்த ஒருத்தியின் கண்ணால் நகரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் நாயகி எல்லி ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்து உண்மையை வாங்கும் காட்சியில், அடிக்கும் பட்டனை ஆட்டக்காரரே அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஆட்டம் நகராது. வேறு வழியே தராமல் செய்ய வைத்துவிட்டு, செய்தாயே என்று குற்றம் சாட்டுவதில் நியாயம் இல்லை.

அண்டர்டேல் (2015) என்ற எளிய படங்களாலான ஆட்டம் இதைச் சரியாகச் செய்தது. டோபி ஃபாக்ஸ் வடிவமைத்த அந்த ஆட்டத்தில் யாரையும் கொல்லாமல் கடைசிவரை போகலாம். தொடக்கத்தில் தாய்போல் பார்த்துக்கொள்ளும் டோரியலை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று புரியாமல் பலர் கொன்றுவிடுகிறார்கள். மனம் கேட்காமல், பழைய சேமிப்புக்குத் திரும்பிப்போய் இந்த முறை காப்பாற்றுகிறார்கள். சற்றுத் தள்ளிக் காத்திருக்கும் ஃபிளாவி என்பவன், நீ முன்பு அவளைக் கொன்றாய், எனக்குத் தெரியும் என்கிறான். அழித்த தோல்வியை ஆட்டம் நினைவில் வைத்திருக்கிறது. இங்கே குற்றவுணர்வு எடுபடுகிறது, ஏனென்றால் தேர்வு உண்மையாகவே ஆட்டக்காரரின் கையில் இருந்தது.

எஸ்தோனிய நாவலாசிரியர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவான டிஸ்கோ எலிசியம் (2019) தோல்வியை வரவேற்று உட்கார வைக்கிறது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்த ஒரு துப்பறிவாளர் கொலை வழக்கை விசாரிக்க வேண்டும். பல காரியங்களுக்கு இரண்டு பகடைகள் உருளும். உடம்பு மிகப் பலவீனம் என்றால், முதல் அறையிலேயே விசிறியில் தொங்கும் டையை எடுக்கப்போய் மாரடைப்பில் செத்துப்போகலாம். மற்றபடி, பகடை தவறினால் கதவு மூடாது. வேறு ஒன்று திறக்கும். சொல்ல வந்ததை உளறிக் கொட்டி அவமானப்பட்ட பிறகு எதிராளி வாய்திறந்து பேசுகிறார். எல்லாப் பகடையிலும் ஜெயித்தவருக்கு அந்த மனிதரின் உடைசல் முழுதாகத் தெரியவே தெரியாது. எழுத்தின் தரத்தில் இதற்கு நிகரான வீடியோ கேம் இதுவரை வரவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

வாழ்வின் நிஜமான இழப்பைத் தொட முயன்ற ஆட்டங்களும் இருக்கின்றன. வார்சாவின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட திஸ் வார் ஆஃப் மைன், 90களில் சரயேவோ நகரம் முற்றுகையில் பட்டபாட்டிலிருந்து பிறந்தது. ஆட்டக்காரர் படைவீரராக இல்லை. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண மக்களைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருக்கிறார்கள். அவர்களது மருந்தையும் உணவையும் எடுத்துக்கொள்ளலாம். தடுக்க அவர்களுக்குச் சக்தியில்லை. எடுத்துவந்த மறுநாள், பிழைத்திருப்பவர்கள் மனமுடைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதி தங்கள் மகன் ஜோயலின் புற்றுநோயைப் பற்றிச் செய்த தட் டிராகன், கேன்சர் 2016இல் வந்தது. குழந்தை 2014இலேயே இறந்துவிட்டான். அதற்குள் ஒரு சின்ன ஆட்டம் வரும்: ஜோயல் குட்டி வீரனாக டிராகனோடு மோதுகிறான். எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஜெயிக்க முடியாது. வடிவமைப்பில் அது சில இடங்களில் தடுமாறும் படைப்பு, பேச்சு அதிகம். ஆனாலும் வெற்றிக்குப் பழகிய விரல்களுக்கு அந்தப் பெற்றோர் காட்டிய உண்மைக்கு முன் அந்தக் குறைகள் சிறியவை.

இழப்பை விரலுக்கே உணர்த்திய ஆட்டம் என்றால் அது பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ் (2013). லெபனானில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த திரைப்பட இயக்குநர் யோசெஃப் ஃபாரெஸ் செய்தது. அண்ணன், தம்பி இருவரையும் ஒருவரே ஆட்ட வேண்டும்: இடது கை அண்ணன், வலது கை தம்பி. தம்பிக்கு நீச்சல் தெரியாது. அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். இடது கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. தம்பி தனியாகத் தண்ணீரின் ஓரத்தில் நிற்கிறான். வலது கையால் என்ன செய்தாலும் இறங்க மாட்டேன் என்கிறான். அண்ணனுக்குரிய இடது பட்டனை அழுத்தினால் நீந்துகிறான். எந்த வசனமும் அதை விளக்குவதில்லை. வீடியோ கேம் என்ற கலையால் மட்டுமே சொல்ல முடிகிற விஷயம் ஒன்று உண்டா என்று கேட்பவரிடம் இந்த ஒரு காட்சியைக் காட்டலாம்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வெண்பாவிடம் வர வேண்டும். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ஆட்டம். 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் தலைமைப் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பாவும் பாவலனும், அங்கே பிறந்த மகன் கவினும், கிழிந்து கறைபட்ட ஒரு சமையல் குறிப்பேடும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது முதல் புதிர். பிறகு புட்டு, பிரியாணி. சமையலறை ரேடியோவில் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிய பாடல்கள். தமிழ்க் குடும்பம் ஒன்று தன் பேச்சோடும் அடுப்போடும் உலக அரங்கில் ஓர் ஆட்டத்தின் நடுவில் வந்து நின்றது நெஞ்சை நிறைக்கிற விஷயம். இங்கே இழக்கப்படுவது தாய்க்கும் மகனுக்கும் இடையே உள்ள மொழி; வளர்ந்த கவின் அம்மாவின் கையெழுத்தைப் படிக்கத் திணறும் பகுதி ஆட்டத்தின் உச்சம், ஏனென்றால் அங்கே மட்டும் அவனுடைய திணறல் ஆடுகிறவரின் திணறலாகவும் ஆகிறது. மற்ற இடங்களில் சமையல் தவறினால் உடனே மறுபடி செய்யலாம், எதுவும் வீணாவதில்லை, யாரும் பசியோடு காத்திருப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்தில் அவ்வளவு மென்மை தேவைப்படவில்லை. சோர்ந்த நாளில் குறிப்பைத் தப்பாக ஊகித்து ஒரு சமையல் முழுக்கக் கெட்டு, அதையே மூன்று பேரும் பேசாமல் சாப்பிட வேண்டிய ஓர் இரவை வெண்பாவின் படைப்பாளிகள் வைத்திருக்கலாம். அதைத் தாங்கும் வலிமை அவர்கள் எழுதிய குடும்பத்துக்கும் இருந்தது, அதை ஆடியவர்களுக்கும் இருந்தது.